41 கையெழுத்தும் ஒழுகிய ஒரு மச்சும்

எங்கள் தெருவின் பழைய வீடுகளைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்குப் போன வாரம்தான் ஒரு பதிவு எண் கிடைத்தது. இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருக்கிறது. பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மனுவை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்திலேயே அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் தெரு. 23 வீடுகளில் 14 இன்னும் திண்ணையும் ரேழியும் முற்றமுமாக நிற்கின்றன. பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம்தான், வீட்டுக்கு நான்கைந்து போர்ஷன். ஒரே வருடத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளை இடித்தார்கள். தேக்குத் தூண்கள் லாரியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் நான்கு பேர், இனிச் சும்மா இருக்கக் கூடாது என்று கிளம்பினோம்.

முதல் தப்பு நோட்டீஸில். மவுண்ட் ரோட்டில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-ல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து ஆரம்பித்து, சட்டமும் குழுவும் அனுமதியுமாக இரண்டு பக்கம் எழுதி, வீடு வீடாகக் கொடுத்தோம். படித்தவர்கள் எல்லோரும் மிரண்டுபோனார்கள். கோடி வீட்டு மாமி கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, பாரதியார் இருந்த வீட்டை கவர்மெண்ட் எடுத்துண்டுதே, அது மாதிரி எங்களையும் வெளியில அனுப்பிடுவாளா?"

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருப்பதை நாங்கள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். மாமிக்கு அதுவே பயமாகப் பட்டிருக்கிறது. அது வேறு, இது வேறு, பட்டியலில் வந்தாலும் வீடு உங்கள் பெயரில்தான் இருக்கும் என்று விளக்கினேன். "சரி, எனக்கு ரெண்டு பொண்ணு. நாளைக்கு வித்தா பில்டர் என்ன விலைக்குக் கேப்பான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டியலில் வந்த வீட்டை நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது, அதனால் பில்டர் தரும் விலை குறையலாம். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து இதை மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால், கையெழுத்துப் போட்டவரே முதல் ஆளாக எதிரில் நிற்பார்.

எங்களுக்கு ஓடிவந்து கையெழுத்துப் போட்டவர்கள் குடித்தனக்காரர்கள். 41 கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் லீவு போட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் படிக்கவே இல்லை. "இதுல ஓனர் எத்தனை பேர்?" என்றார். எண்ணிப் பார்த்தால் ஆறு. அதிலும் இரண்டு வீட்டுக்குப் பட்டா, எப்போதோ இறந்துபோன தாத்தாக்கள் பெயரில். "வாடகைக்கு இருக்கிறவங்க கையெழுத்தை வெச்சு நான் என்னம்மா பண்றது?" என்று மனுவை என் பக்கம் தள்ளிவிட்டார். வாங்கிக்கொண்டு ஒரு சீலாவது வையுங்கள் என்றேன். "திருப்பித் தர்றதுக்கு எதுக்கும்மா சீல்?" இரண்டாம் முறை போனபோது அதே நாற்காலியில் வேறொருவர். இது எங்கள் பிரிவே இல்லை என்றார். எந்தப் பிரிவு என்று கேட்டேன், தெரியாது என்றார். படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட வந்த கடைக்கார பாய்தான், "விடும்மா, டீ குடிக்கலாம்" என்று அழைத்துப் போனார்.

அப்புறம் ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நிலைமையை மாற்றியது மாமி வீட்டு மச்சு, அதாவது கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரம் போட்ட பழைய தளம். அந்த ஐப்பசி மழையில் கூடம் முழுக்கப் பாத்திரம் வைத்திருந்தார். பார்க்க வந்த காண்ட்ராக்டர், மொத்தமாக இடித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் விசாரித்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியைக் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து அழைத்துவந்தோம். அவர் மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து, சின்ன உளியால் ஓர் ஓரத்தைப் பெயர்த்தார். மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட். யாரோ பத்து வருடம் முன்பு ஒழுகலை நிறுத்தப் போட்டது. அதற்குக் கீழே சுண்ணாம்பு ஜல்லி, ஈரத்தில் கறுத்து, வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. "மேல மூடிட்டாங்க. உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல" என்றார். கீழே வந்து, சுவருக்குள் போகும் தேக்கு உத்தரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரியோ அடுத்த உத்தரத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணுல ரெண்டுதாம்மா போயிருக்கு. மத்தது இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார்.

அந்த இரண்டு உத்தரத்துக்குப் பழைய மரக்கடையில் தேக்கு வாங்கினோம். உத்தரங்களுக்கு மேல் விரல் கனத்துச் சின்னச் செங்கல்லைக் குறுக்குவாட்டில் சாய்த்துச் செருகி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நான்கு பெண்கள் மூன்று நாள் கட்டையால் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கும் வாசனைக்கும் தெருவே மாடி ஏறி வந்தது. நோட்டீஸை மடித்துக் கடாசியவர்கள், "எங்க வீட்டு மச்சையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லேன்" என்றார்கள். காண்ட்ராக்டர் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. பழைய வீட்டை வைத்துக்கொண்டிருந்தால் செலவு கட்டுபடியாகாது என்பதுதான் அவர்கள் எல்லோருடைய பயமும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுத்த மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமியே மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் எடுத்துப் போனார்.

தாத்தா பெயரில் இருந்த இரண்டு வீடுகளுக்கும் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றவே ஏழு மாதம். ஒரு வாரிசு பெங்களூரில், இன்னொருவர் போனையே எடுக்க மாட்டார். உங்கள் தெருவில் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், கையெழுத்து வேட்டை அப்புறம்.

ஒன்பது வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்ததும் நாங்கள் கவுண்டருக்கே போகவில்லை. மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினோம். ஒரு மாதம் கழித்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: இன்ன தேதியில் வந்த மனு யாரிடம் இருக்கிறது, அதன் மேல் என்ன நடவடிக்கை? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 26-ம் நாள் வந்தது, பதிவு எண்ணோடு. பாய் அதை ஜெராக்ஸ் எடுத்துத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறார்.

கவுண்டரில் செல்லாது என்ற அந்தக் குடித்தனக்காரர்கள்தான் இன்று தெருவைத் தாங்குகிறார்கள். மழை வந்தால் நனைவது அவர்கள் படுக்கைதானே. புரட்டாசி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி மாடியாக ஏறி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குகிறோம், தண்ணீர் போகும் தூம்பைச் சுத்தம் செய்கிறோம். வீட்டுக்காரர்கள் சாவியைத் தாமாகவே கொடுத்தனுப்புகிறார்கள்.

நடு வீடு மட்டும் இன்னும் ஊசலாடுகிறது. அண்ணன், தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது, முன்பு கையெழுத்துப் போட்டவர்கள்தான். இப்போது ஒரு பில்டர் அட்வான்ஸோடு வந்து போகிறார். இந்த ஞாயிறு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் மச்சைப் பார்க்கப் போகிறோம். தம்பி வரச் சொல்லியிருக்கிறார். அண்ணனிடமிருந்து இன்னும் பதில் இல்லை.