இரண்டாம் முறை கேட்டார்

"தம்பி, பெட்டி உசரமா, சாதாவா?"

எங்கள் கன்டெய்னர் லாரி டிரைவர் அண்ணன் போனில் கேட்டது இவ்வளவுதான். ஆபீஸில் இருந்து வண்டிகளுக்கு வழி சொல்லும் நான் திரையைப் பார்த்து, "சாதாதான் அண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மறுபடியும், "நல்லாப் பாத்துச் சொல்லுப்பா, சாதாவா?"

"ஆமாண்ணா, நாற்பத்திரண்டுதான். ரயில் பாலத்து வழியாவே போயிடுங்க."

அரை மணி நேரம் கழித்து வேறொரு டிரைவர் கூப்பிட்டு, அண்ணன் பாலத்தடியில் மாட்டிக்கொண்டார் என்று சொன்னார்.

அது 2022 ஜூன் மாதம். ஏப்ரல் வெள்ளம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையையே அரித்துப் போட்ட ஆண்டு. அதற்குப் பிறகு எந்த வண்டி எந்தத் தெருவில் சுற்றி வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று வழக்கமான சாலையில் ஒரு விபத்து, வரிசை நகரவே இல்லை. அவர் வழி கேட்டார், நான் சொன்னேன். இப்படித்தான் நான் இன்றுவரை சொல்லி வருகிறேன். அவர் வழி மட்டும் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக: கன்டெய்னர் கதவில் எண்ணோடு நான்கு எழுத்தில் ஒரு குறி இருக்கும். 42ஜி1 என்றால் நாற்பதடி, சாதா உயரம், 2.59 மீட்டர். 45ஜி1 என்றால் ஹைகியூப், அதாவது உயரமான பெட்டி, கிட்டத்தட்ட 2.9 மீட்டர். வித்தியாசம் ஒரே ஒரு அடி. எங்கள் டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 1.55 மீட்டர். சாதாப் பெட்டி ஏற்றினால் 4.14. ஹைகியூப் ஏற்றினால் 4.45. பாலத்துப் பலகையில் 4.4 என்று எழுதியிருந்தது. ஐந்து சென்டிமீட்டர். மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் அவ்வளவு வரும்.

இந்த நாட்டுச் சட்டப்படி லாரியின் மொத்த உயரம் 4.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஹைகியூப் பெட்டிக்கு மட்டும் அரசு பல ஆண்டுகள் விலக்குக் கொடுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. அதனால் உயரமான பெட்டி சாதா டிரெய்லரில் போவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. தாழ்ந்த தளம் உள்ள டிரெய்லர் எங்களிடம் ஒன்று இருந்தது. அன்று அது ஒர்க்‌ஷாப்பில்.

நான் பார்த்தது புக்கிங். அதில் 42 என்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கப்பல் கம்பெனி வேறு பெட்டியைக் கொடுத்துவிட்டது. பெட்டியை ஏற்றி வெளியே வரும்போது வாசல் கேட்டில் கொடுத்த சீட்டில் 45 என்று இருந்தது. அந்தச் சீட்டு 10.40க்கே எனக்கு மெயிலில் வந்திருந்தது. நான் திறக்கவில்லை. பதினொரு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டு போன்கள் மாறி மாறி அடித்தன, யாராக இருந்தாலும் புக்கிங்கைத்தான் பார்த்திருப்பார்கள். அப்படியென்றால் இரண்டாம் முறை கேட்டபோதாவது திறந்திருக்கலாமே? நான் அதே திரையைத்தான் மறுபடி பார்த்தேன். பார்த்தேனா, பார்த்தது போலச் சொன்னேனா என்பது இப்போது எனக்கே நிச்சயமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது டயர்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வண்டியைத் தாழ்த்திப் பின்னால் இழுக்க. பெட்டியின் முன் மூலை உள்ளே நசுங்கி, கூரைத் தகடு பாய் போலச் சுருண்டிருந்தது. ஹைகியூப் பெட்டியின் மேல் விளிம்பில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அந்த மஞ்சள், பாலத்தின் இரும்பு விட்டத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஈஷிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை மேலே ரயிலை விடவில்லை. யாருக்கும் அடியில்லை. அண்ணன் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா தம்பி?" என்றார்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: டிரைவர் உயரத்தைப் பற்றிக் கேட்டாரா? நான் சொன்னேன்: "வழி கேட்டார், சொன்னேன். பெட்டியைப் பார்த்து ஏற்றுவது டிரைவர் பொறுப்பு." எங்கள் விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. கடைசி எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் ஜோகன்னஸ்பர்க் பாதையில் ஓடியவரை யார்டுக்குள் டிரெய்லர் நகர்த்தும் வேலைக்கு மாற்றினார்கள்.

குழந்தை குட்டி இருக்கிறது, விசா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் அது பொய்யில்லை.

அந்த டிசம்பர் 24ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் போக்ஸ்பர்க்கில் ஒரு கேஸ் டேங்கர் தாழ்ந்த பாலத்தடியில் சிக்கியது. 60,000 லிட்டர் எரிவாயு. கசிந்து, வெடித்து, பக்கத்திலிருந்த டாம்போ நினைவு மருத்துவமனைவரை எரித்தது. 41 பேர் செத்தார்கள். டிரைவரைப் பிடித்து, சாட்சியம் போதாது என்று விட்டார்கள். வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். அந்த டிரைவர் புறப்படும் முன் யாருக்காவது போன் போட்டிருப்பாரா என்பது மட்டும்தான் எனக்கு ஓடியது. எங்கள் பெட்டியில் இருந்தது பிளாஸ்டிக் நாற்காலி. அது என் சாமர்த்தியம் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் பாலங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன். பலகையை நம்பாதே, மேலே மேலே தார் போட்டால் சாலை உயரும், பலகை மாறாது என்பேன். பாரத்தோடு நுழைந்த வண்டி காலியாகத் திரும்பும்போது ஸ்பிரிங் எழும்பி இடிக்கும் என்பேன். பாலத்தடியில் சாலை குழிந்திருந்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் மேட்டில் நிற்க நீள டிரெய்லரின் நடு முதுகு தட்டும் என்பேன். எல்லாம் சரிதான், தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் பாலத்தில் இவை ஒன்றுமே காரணமில்லை. உண்மைக் காரணத்தை இதுவரை ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

அவர் ஏன் இரண்டாம் முறை கேட்டார் என்பதில்தான் வந்து நிற்கிறேன். டிரெய்லரை மாட்டும்போதே மஞ்சள் பட்டை கண்ணில் பட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்துதான் கேட்டிருக்கிறார். கண்ணால் பார்த்தவர், பார்க்காத என்னை ஏன் நம்பினார்? நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனோ? அப்படியானால் அவர் மேலும் தப்பு உண்டு என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் காலையில் அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருக்கும்.

போன தைப்பூசத்துக்குக் கிளேர்வுட் முருகன் கோயிலில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், சாட்ஸ்வொர்த் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாராம். சொல்லிவிடலாம் என்று "அண்ணா, அன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன். காவடி வந்துவிட்டது, கூட்டம் தள்ளியது. அவர் குனிந்து என் மகனுக்குத் திருநீறு பூசி, "ஒங்கப்பா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாத்து டக்குனு சொல்லுவாரு" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.