எண்பதாவது மரம் வரை

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருநூறு ரப்பர் மரங்கள். ஆள் வைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் நானே பால் வெட்டுகிறேன். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாலரைக்கு இறங்குவேன். போன ஐப்பசியில் ஒருநாள் கத்தியைச் சுற்றி விரல்கள் மடங்க மறுத்தன. தோளும் தொடையும் காய்ச்சல் விட்ட உடம்பு போல வலித்தன.

"பால் வெட்டுகிறவளுக்குக் கைவலி வராமல் யாருக்கு வரும்?" என்றார் மாமியார். நானும் நம்பினேன். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டால் இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய கதை. மாசியில் இலையுதிர்ந்து வெட்டு நிறுத்தினோம். கத்தியைத் தொடாத அந்த ஒரு மாதமும் வலி நிற்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது வர்ம ஆசானுக்கு. தைலம் தடவ உட்கார்ந்தவர் இரு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பியை மூடினார். "இரண்டு கையும் ஒன்றுபோல வீங்கியிருக்கிறது மக்களே. இது வெட்டின வலி இல்லை. போய் ரத்தம் பார்." காசும் வாங்கவில்லை.

களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் பஸ். வாதநோய் மருத்துவர் விரல்களின் அடிமுட்டுகளை வரிசையாக அமுக்கினார், உயிர் போயிற்று. நுனி முட்டுகளில் வலியே இல்லை. பிறகு கேட்டார்: "எழுந்த பிறகு கை முழுதாக மடங்க எவ்வளவு நேரமாகும்?"

கடிகாரம் பார்த்து யார் வெட்டுகிறார்கள்? "எண்பது மரமாகும்" என்றேன். சிரிக்காமல் கணக்குக் கேட்டார். கிணற்றடி மரம் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுவரை கத்தி நழுவிப் பட்டையில் காயம் விழும். முதல் வரிசையைப் பார்த்தாலே என் நோயின் வயது தெரியும். அரை மணிக்கு மேல் நீடிக்கும் காலை இறுக்கம்தான் முக்கியமான அடையாளம் என்றார்.

ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ஆன்டி சிசிபி அதிகம், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் 62. முடக்குவாதம். உடம்பின் காவல் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறதாம். எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் அரிக்கவில்லை.

ஊரில் வாதம் என்றால் கைகால் விழுவது. துக்கம் விசாரிப்பதுபோல வந்தார்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வாயு, தொடாதே என்றார்கள். மருத்துவர் மரச்சீனியை விலக்கவில்லை, நானும் சாளைமீன் கறியோடு அதைத் தின்பதை விடவில்லை.

முடக்குவாதத்துக்குத் தந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் 'ஞாயிறு' என்பதை இரண்டு முறை கோடிட்டுத் தந்தார். வேறொரு நாள் ஃபோலிக் அமிலம். ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொன்னது நல்லதாயிற்று, இல்லையென்றால் நாலாம் வாரமே நிறுத்தியிருப்பேன். மாத்திரை போட்ட மறுநாள், திங்கட்கிழமை, ரப்பர் பால் வாடையே குமட்டுகிறது. வெட்டு நாள் அன்று வந்தால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறேன்.

இது பத்தாவது வாரம். இன்று காலை எண்ணிக்கொண்டே வெட்டினேன். அயினி மரத்தடியில், முப்பத்துநாலாவது மரத்தில், விரல்கள் மடங்கின.