றொக்கன் பாண்

ஜேர்மனியில் இருக்கிற ஹம் நகரத்துக்கு வருகிற எங்கட ஆட்கள் பெரும்பாலும் காமாட்சி அம்பாளைக் கும்பிடத்தான் வருவினம். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். தேருக்குப் பிரான்ஸ், சுவிஸ், ஒல்லாந்து என்று எல்லாப் பக்கத்தாலும் சனம் திரளும். அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் பாய் விரிக்க இடமிராது. இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் செய்வேன். ஆனாலும் மேசையில் கிடக்கிற கறுத்தப் பாணைப் பற்றித்தான் கதை எழும்பும். ஒரு முறை மாமி ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது புளிச்சுப் போச்சு, எறி" என்றா. ஊரில் அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தவ அவ!

மாமியைச் சொல்லிக் குற்றமில்லை. போறணையால் வந்த றோஸ் பாணைச் சூடாறமுதல் பிய்த்துச் சம்பலோடு சாப்பிட்ட வாய்க்கு, ஜேர்மன் பாண் முதலில் பிடிபடாது. கலியாணம் முடித்து இங்கு வந்த புதிதில் கடையில் வெள்ளையாக, பஞ்சுபோல இருக்கிற டோஸ்ட் பாணைத்தான் வாங்கினேன். அது இனிக்கும், வாயில் போட்டால் கரைந்துவிடும், வயிறு நிரம்பாது. இந்த நாட்டுப் பாண் சூடாகப் பிய்த்துத் தின்கிற சாமானல்ல என்பது விளங்க எனக்கு நாள் எடுத்தது. அதை ஆறவிட்டு, மெல்லிசாக வெட்டி, வெண்ணெய் பூசிச் சாப்பிடவேண்டும். பின்னேரம் ஆறு, ஆறரைக்கு இங்கே கனக்க வீடுகளில் அடுப்பே எரியாது. பாண், சீஸ், வெள்ளரிக்காய் ஊறுகாய், இரண்டு துண்டு இறைச்சி. இராச் சாப்பாடு முடிந்தது. நாங்கள் எட்டரைக்குக் கறி தாளிக்கிற மணம் படிக்கட்டு முழுக்கப் போகும்.

அந்த மணத்தால்தான் கீழ்வீட்டு அம்மாவோடு பழக்கமானது. பென்ஷன் எடுத்தவர், தனியாக இருக்கிறவர். கறி மணக்குது என்று சொல்லி ஒரு ஜாம் போத்தலில் பாணுக்கு உறையாக விடுகிற புளித்த மாவைக் கொண்டுவந்து தந்தார். கறிக்கு மாற்றாகத் தந்தாரோ தெரியாது. எனக்கு டொச் வகுப்பில் வராத பேச்சு அவருடைய குசினியில்தான் வந்தது. வினைச்சொல் கடைசியில் வரவேண்டும் என்று அவர் திருத்தியதேயில்லை.

மாக்கடையில் 405, 550, 1050, 1150 என்று பைகளில் எண் போட்டிருப்பார்கள். விலையுமல்ல, நிறையுமல்ல. நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதுதான் அந்த எண். எண் கூடக்கூடத் தவிடும் கனிமமும் கூடும், நிறமும் கறுக்கும். கேக்குக்கு 405, கறுத்தப் பாணுக்கு றொக்கன், அதாவது றை தானியத்து மா, 1150.

றொக்கன் மாவோடு ரொட்டிக்குக் குழைக்கிற கைப்பழக்கம் செல்லாது. கோதுமை மாவைக் குழைக்கக் குழைக்க இழுபடும். றொக்கன் எவ்வளவு குழைத்தாலும் களியாகக் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள கோந்துபோன்ற நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கோதுமையில் உண்டாகிற இழுவை வலை இதில் உண்டாகாது. மரக்கரண்டியால் கிளறிவிட்டு, கையை நனைத்து உருட்டினால் போதும். இன்னொன்று, இதிலுள்ள ஒரு நொதி பாண் வேகும்போதும் சும்மா இராமல் மாப்பொருளை உடைத்துக்கொண்டே இருக்கும். புளிப்பு இருந்தால் அது அடங்கும். புளிப்பில்லாவிட்டால் பாணின் நடு வேகாத களியாகப் போய்விடும். ஆக, மாமி எறியச் சொன்ன புளிப்பு ருசிக்காக மட்டும் இல்லை.

நான் செய்வது கலப்புப் பாண். முதல் நாள் இரவு 150 கிராம் றொக்கன் மா, அதேயளவு இளஞ்சூட்டுத் தண்ணீர், போத்தலில் இருந்து ஒரு பெரிய கரண்டி புளித்த மா. குளிர்காலத்தில் எங்கள் குசினியில் இது புளிக்காது. தோசை மாவுக்குச் செய்கிற வழிதான், அவணுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவேன். விடியப் பார்த்தால் மேல்முழுக்கக் குமிழி, பச்சை அப்பிள் மணம். அதில் ஒரு கரண்டியைத் திரும்பப் போத்தலில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டு, மிச்சத்தோடு 150 கிராம் றொக்கன், 200 கிராம் 550 கோதுமை மா, 225 கிராம் தண்ணீர், பத்துக் கிராம் உப்பு. அரை மணித்தியாலம் விட்டு, மா தூவிய பிரம்புக் கூடையில் போட்டு, மேலேயும் றொக்கன் மாவைத் தடிப்பாகத் தூவுவேன். மணிக்கூட்டைப் பார்க்கிற வேலையில்லை. மா பொங்கும்போது மேலே தூவினது வெடித்துக் கோடுகோடாகப் பிரியும். கோடு விரல் நுனி அளவுக்கு அகன்றால் அவணுக்குப் போகலாம். கூட விட்டால் பாண் தட்டையாகப் படுத்துவிடும்.

மூடியுள்ள இரும்புச் சட்டியை 250 பாகையில் சூடாக்கி அதற்குள் கவிழ்ப்பேன். மூடி ஆவியைப் பிடித்துவைக்கும், அதனால் தோல் உடனே இறுகாது. கால் மணித்தியாலத்தில் 210க்கு இறக்கி, கடைசியில் மூடியையும் எடுத்து, மொத்தம் ஐம்பது ஐம்பத்தைந்து நிமிடம். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டின சத்தம் வரவேண்டும். வெளியே எடுத்து வைத்தபிறகு தோல் தானாகச் சடசடக்கும். அப்போது வெட்டக்கூடாது, அடுத்த நாள்தான். எங்கள் வீட்டில் இந்தச் சட்டம்தான் பெரிய சண்டை.

ஜேர்மன் பாண் கலாசாரத்தை 2014இல் இந்த நாட்டின் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பாணுக்குப் பெயர் வைப்பதற்கும் விதி உண்டு: றொக்கன் பாண் என்றால் பத்தில் ஒன்பது பங்கு றொக்கன் இருக்கவேண்டும்; பாதிக்கு மேலே, தொண்ணூறு வீதத்துக்குக் கீழே என்றால் கலப்பு. அந்தக் கணக்கில் தலைப்பு கொஞ்சம் பொய். என்னுடையது அறுபது வீதம்தான்.

எதோடு சாப்பிடுவது என்பதில் எனக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டு. தேங்காய்ப்பூச் சம்பல் இதற்குச் சரிவராது, இரண்டும் தனித்தனியாக நிற்கும். சீனிச் சம்பல் அருமை: வெண்ணெய் தடிப்பாகப் பூசி, அதன்மேல் மெல்லிசாக. மகள் பள்ளிக்கூடத்துக்குச் சீஸ் வைத்துத்தான் கொண்டுபோவாள், சம்பல் வீட்டில் மட்டும். கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு சின்னப் போத்தல் சீனிச் சம்பல் மாதம் தவறாமல் போகிறது.

பம்பர்னிக்கலை மட்டும் நான் வீட்டில் தொடுவதில்லை. எங்கள் வெஸ்ட்பாலியாப் பகுதியின் பாண்தான் அது, பக்கத்து ஊரான ஸோஸ்டில் நல்லதாகக் கிடைக்கும். முறைப்படி குறைந்தது பதினாறு மணித்தியாலம் மெல்லிய சூட்டில் கிடந்து வேகவேண்டும். அதன் கன்னங்கறுப்பு நிறம் அப்படித்தான் வருகிறது. கறண்ட் பில்லை நினைத்தால் வாங்கித் தின்பதே புத்தி.