செட்

எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையில் "நேற்று சூரியன் மறைந்தது" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் 'செட்டட்' என்று எழுதி வைத்தேன். பேப்பர் கொடுத்த அன்று ஆங்கில சார் என்னை எழுப்பினார். "லேய் மக்கா, கன்னியாகுமரி மாவட்டத்திலே பிறந்திட்டு சூரியனை இப்படியாலே மறைய வைப்பே?" அடி விழவில்லை. போர்டில் 'செட்' என்று எழுதி, உங்கள் வீட்டில் இதை எங்கெல்லாம் சொல்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்.

கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவரின் மகன்தான் முதலில் எழுந்தான். அப்புறம் பம்ப் செட், வாலிபால் செட் என்று வகுப்பே சந்தையாகிவிட்டது. என் முறை வந்தது. "ரப்பர் பால், சாரே" என்றேன்.

எங்களுக்குத் திருவட்டார் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. சிரட்டைகளில் சேர்ந்த பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து அலுமினியத் தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட்டைக் கலக்கி வைத்தால் தயிர்போல உறையும். அப்பா ஓரத்தில் ஒற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பார். விழுந்த குழி மெல்ல எழும்பினால், "செட்டாயிட்டு." அதற்கப்புறம்தான் மிஷினில் ஷீட் அடிப்பது. ஆசிட் நெடியோடு பள்ளிக்கு வந்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல.

கோழியை முட்டைமேல் உட்கார வைப்பதும் செட்தான் என்றார் சார். நாம் அடை வைப்பது என்போம். "பொழுதும் அடையுது, கோழியும் அடையுது, பாத்தியாலே!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அடுத்த ஆண்டு கணக்கு வகுப்பில் அதே செட் 'கணம்' ஆனது. ரொம்பப் பின்னால்தான் விஷயம் புரிந்தது. வைப்பது, உறைவது எல்லாம் பழைய ஆங்கிலச் சொல்; கூட்டத்தைக் குறிக்கும் செட் 'செக்டா' என்ற லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டும் ஒரே எழுத்தில் கலந்துவிட்டன. நம் கணமும் அப்படித்தானே? கூட்டத்துக்கான கணம் ஒன்று. க்ஷணம் தேய்ந்து வந்த கணம் இன்னொன்று.

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் செட்டுக்குச் சுமார் 430 பொருள். பிறகு 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 எண்ணி அதை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது கத்தாரில் கான்கிரீட் வேலை. ஃபோர்மேன் "செட்டா?" என்று கேட்டால், சோதிக்க ஆயிரம் கருவி இருந்தும் என் ஒற்றை விரல்தான் முதலில் நீள்கிறது.

சார் அன்று போர்டில் எழுதிய பட்டியலை நான் குறித்து வைக்கவில்லை. நம்ம செட்டில் யாரிடமாவது அந்த நோட்டு இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.