ஒரே ஒரு புரதம் திறந்து மூடுவதைப் பார்ப்பது

செல் சவ்வுப் புரதங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இப்போது எல்லாரும் கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் (புரதத்தை உறைய வைத்து எலக்ட்ரான்களால் படமெடுக்கும் கருவி) படங்களைத்தான் காட்டுகிறார்கள். 2013-இல் மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 சேனலின் (சேனல் என்றால் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், சவ்வைக் கடக்கத் திறந்து மூடும் புரத வாசல்) அமைப்பு 3.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளிவந்ததிலிருந்தே இதே வேகம்தான். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை நாள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் அந்தச் சேனல் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்கும், எவ்வளவு அடிக்கடி மூடும் என்பது தெரியவராது. அதற்கு இன்றைக்கும் கண்ணாடிக் குழாயைத்தான் கையில் எடுக்க வேண்டும். அந்தக் குழாயின் நுண்ணிய வாயைச் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் முறைக்குப் பேட்ச் கிளாம்ப் என்று பெயர். நான் அந்தக் கட்சி, அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனையோடுதான் எழுதுவேன்.

1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்தது கணக்கற்ற சேனல்களின் மொத்த மின்னோட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் காட்ஸும் மிலெடியும் தசையில் வரும் மின் இரைச்சலை அலசி, ஒரு சேனலின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். செயற்கைச் சவ்வில் கிராமிசிடின் என்ற சிறிய பெப்டைடை விட்டால் மின்னோட்டம் படிப்படியாக ஏறி இறங்குவதும் தெரிந்திருந்தது. உயிருள்ள செல்லில் மட்டும் யாரும் பார்த்ததில்லை. அயனிகள் ஒரு துளை வழியாகப் போகின்றனவா, இல்லை ஏதோ ஒரு புரதம் ஒவ்வொன்றாகச் சுமந்து கொண்டுபோய் விடுகிறதா என்ற சண்டையும் ஓயவில்லை.

1976-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் இருவரும் அதைப் பார்த்தார்கள். நேயர் இயற்பியல்காரர், சாக்மன் மருத்துவம் படித்தவர். தவளைத் தசைக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டால் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் (நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் திறக்கும் சேனல்கள்) தசைநாரின் மேல் பரவலாக முளைக்கும், அதுவும் நெருக்கமில்லாமல். அந்தத் தசையை நொதி போட்டுச் சுத்தம் செய்து, பிப்பெட் எனப்படும் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் வாயை மேலே வைத்து அழுத்தினால், அதனடியில் ஓரிரு சேனல்கள்தான் அகப்படும். பதிவில் வந்தவை சதுரச் சதுரமான குதிப்புகள், உயரம் இரண்டு மூன்று பிகோ ஆம்பியர். ஒரு பிகோ ஆம்பியர் என்றால் செகண்டுக்கு சுமார் 62 லட்சம் அயனிகள், சுமந்துபோகிற எந்தப் புரதமும் இந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. துளைதான். சண்டை முடிந்தது.

ஆனால் என் கணக்கில் உண்மையான கண்டுபிடிப்பு அதற்கு அப்புறம், 1980 வாக்கில் வந்தது. பழைய முறையில் கண்ணாடிக்கும் சவ்வுக்கும் நடுவே கசிவு இருந்தது, தடை வெறும் 50 மெகா ஓம் அளவில். தடை குறைந்தால் வெப்ப இரைச்சல் கூடும் என்பது இயற்பியல், எவ்வளவு விலை கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் அதை மீற முடியாது. புத்தம் புதிய, சுத்தமான பிப்பெட்டை வைத்து லேசாக உறிஞ்சினால் தடை சட்டென்று நூறு மடங்குக்கு மேல் ஏறிப் பல கிகா ஓமுக்குப் போகிறது என்று அப்போதுதான் கண்டுகொண்டார்கள். இரைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1981 கட்டுரையில் முறை முழுவதும் விளக்கமாக வந்தது, 1991-இல் நோபல்.

எங்கள் லேபிலும் இதே கதைதான் தினமும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனையை மைக்ரோஸ்கோப்பின் கீழ் லேசாகச் சுட்டு வழவழப்பாக்க வேண்டும். முனையில் தூசி ஒட்டாமலிருக்க உள்ளேயிருந்து கொஞ்சம் அழுத்தம் கொடுத்துக்கொண்டே கரைசலில் இறக்குவோம். செல்லைத் தொட்டதும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் சோதனைத் துடிப்பு சற்றுச் சின்னதாகும். அழுத்தத்தை விட்டுவிட்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து மெல்ல ஒரு உறிஞ்சு. துடிப்பு படுத்து, நேர்கோடாகிவிடும். யாரும் பேசமாட்டார்கள், யாராவது அந்த நேரம் பார்த்து டியூப்லைட்டைப் போட்டால் திட்டு விழும், மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நேராகப் பதிவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை செல்லைத் தொட்ட பிப்பெட் குப்பைக்குத்தான், ஒட்டியது அதில் இருக்கும்வரை இரண்டாவது செல் சரியாகப் பிடிக்காது.

இந்தப் பிடிப்பு அவ்வளவு உறுதியானது என்பதால் சவ்வுத் துண்டைச் செல்லிலிருந்து பிய்த்தே எடுத்துவிடலாம், உட்பக்கம் வெளியே தெரியும்படி. அப்புறம் அந்த உட்பக்கத்துக்கு நாம் விரும்பிய கரைசலைக் காட்டலாம், மருந்தைக் காட்டலாம்.

இதன் பலனுக்கு, நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நல்ல உதாரணம். அந்த நோயில் கெடுவது சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு சேனல். ஜி551டி என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களிடம் புரதம் ஒழுங்காகச் சவ்வுக்கு வந்து நிற்கிறது, திறப்பதுதான் இல்லை. ஒற்றைச் சேனல் பதிவு அதை அப்பட்டமாகக் காட்டும்: நீண்ட நேர்கோடு, எப்போதாவது ஒரு குதிப்பு. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவகாஃப்டர் என்ற மருந்தைச் சேர்த்தால் அதே பதிவில் குதிப்புகள் கூடுகின்றன. நோயாளிகளில் சிறு பகுதியினருக்குத்தான் இந்த மாற்றம். பெரும்பாலானவர்களிடம் இருக்கும் எஃப்508 நீக்கம் என்ற வேறொரு மரபணு மாற்றத்தில் புரதம் சரியாக மடியாமல் சவ்வுக்கே வந்து சேர்வதில்லை, வந்து சேராத சேனலுக்கு இந்த ஒரு மருந்து போதாது. வேறு மருந்துகளை எப்படிக் கூட்டு சேர்த்தார்கள் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.