கோரல் சுருங்கினால் நான் எங்கிருந்து தேடுவேன்

"கோரல் திறக்கவே மாட்டேங்குது, என்ன ஊத்தலாம்?" ரீஃப் டேங்க், அதாவது கோரல் (பவளம்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஊற்றுவதைப் பிறகு பார்ப்போம். எது திறக்கவில்லை? ஒரே ஒரு கோரலா, ஒரே வகையைச் சேர்ந்த நாலைந்தா, டேங்க் முழுக்கவா? இதற்குப் பதில் வந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அதற்கு டெஸ்ட் கிட் கூட வேண்டாம், டேங்க் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

எல்லாம் ஒரே நாளில் சுருங்கியிருந்தால் சந்தேகம் தண்ணீர் மேல்தான். முதலில் வெப்பநிலை. ஹீட்டரில் இருக்கும் டயலை நான் நம்புவதே இல்லை. தனி தெர்மாமீட்டர் எப்போதும் டேங்கில் கிடக்கும். 25, 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் அடுத்து உப்பு. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நன்னீர் விடும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவியின் மிதவை சிக்கிக்கொண்டு நன்னீர் கொட்டிக்கொண்டே இருந்தால், கண்ணுக்கு எதுவும் தெரியாமலே உப்பு இறங்கிவிடும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீர் விட்டு பூஜ்யத்துக்குச் சரிசெய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி கடல்நீரின் 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) தப்பாகக் காட்டலாம். 35-க்கென்றே விற்கும் கரைசலை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். சொட்டு விட்டதும் உடனே பார்க்காமல் அரை நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் சரியாக இருந்தால் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பான வேவ்மேக்கரைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தின் உறை விரிசல் விட்டு உள்ளே துருப்பிடித்திருப்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

அடுத்து ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட் வகை உப்புகளின் அளவு; இதை டிகேஎச் என்ற அலகில் சொல்வோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கல் கோரல்கள் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் சுண்ணக்கூடு கட்டுகின்றன. அப்படிக் கட்டும்போது ஆல்கலினிட்டி 1 டிகேஎச் குறைந்தால், கால்சியம் குறைவது சுமார் 7 பிபிஎம் மட்டுமே. கால்சியம் 420-இல் 7 போனால் டெஸ்ட் கிட்டில் தெரியவே தெரியாது. ஆல்கலினிட்டி 8-இல் 1 போனால் பளிச்சென்று தெரியும். அதனால் தொட்டியில் ஏதோ மாறுகிறது என்பதை ஆல்கலினிட்டிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். 7.5-ஆ 9-ஆ என்பதைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படுவதில்லை, இயற்கைக் கடல்நீரே 7-க்குப் பக்கத்தில்தான். நேற்று 8 இருந்தது இன்று 9.5 என்றால்தான் வயிற்றைக் கலக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வேறு ஏதோ காரணத்தால் கோரல்கள் சோர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆல்கலினிட்டிக் கரைசலைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப்புக்கு அது தெரியாது, வழக்கமான அளவை ஊற்றிக்கொண்டே இருக்கும். செலவு நின்றுவிட்டது, வரவு நிற்கவில்லை. ஆல்கலினிட்டி நைசாக ஏறும், ஏற்கெனவே துவண்டு கிடப்பவை மேலும் துவளும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாத டேங்க் என்றால் அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் கோரலின் நுனிகள் கருகினாற்போல் வெளுக்கும். ஆகவே கோரல் முகம் வாடியிருக்கும் நாட்களில் நான் தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டி பார்ப்பேன். ஏறுகிறது என்றால் டோஸைக் குறைப்பேன். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

மேல் பாறையில் இருப்பவை மட்டும் வெளிறுகின்றனவா? விளக்கைப் பாருங்கள். புது எல்இடி போட்டிருக்கலாம், அல்லது ஆக்டிவேட்டட் கார்பனை மொத்தமாக மாற்றியிருக்கலாம். கார்பன் தண்ணீரின் மஞ்சளை எடுத்துவிடும், அதே விளக்கு திடீரென்று அதிக வெளிச்சம் தர ஆரம்பிக்கும். பலர் யோசிக்காத காரணம் இது. கோரலின் சதைக்குள் வாழும் பாசிக்கு அந்த வெளிச்சம் தாங்காது. பாசி வெளியேறினால் நிறம் போகும். அதற்கு நேர்மாறாகக் காப்பிப்பொடி நிறத்துக்குப் போனால், வெளிச்சம் குறைவு அல்லது தண்ணீரில் ஊட்டம் அதிகம்.

இனி, ஒரே ஒரு கோரல் மட்டும். சமீபத்தில் என் டேங்கில் ஹேமர் என்ற வகைக் கல் கோரல் ஒன்று இப்படித்தான் இழுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் கும்மென்று விரிந்திருக்க, இது மட்டும் கூட்டுக்குள் பதுங்கிக் கிடந்தது. டெஸ்ட் எல்லாமே சரி. கிட்டப் போய்ப் பார்த்தபோது, இடது பக்கம் சதை உரிந்து சுண்ணக்கூட்டின் தகடுகள் சீப்புப் பல் மாதிரி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் கெட்டிருந்தால் இப்படி ஓரவஞ்சனை செய்யாது.

விளக்கு அணைந்து நெடுநேரம் கழித்து, சிவப்பு டார்ச்சோடு உட்கார்ந்தேன். வெள்ளை டார்ச் அடித்தால் சில ஜீவன்கள் சட்டென்று உள்ளே போய்விடும். இடது பக்கம் எட்டத்தில் இருந்த கேலக்ஸியா என்ற இன்னொரு கோரல், பகலில் பச்சை நட்சத்திரங்களாகச் சாதுவாக இருக்கும். அதிலிருந்து கண்ணாடி இழை மாதிரி நாலைந்து ஸ்வீப்பர்கள், அதாவது கொட்டும் நீளக் கைகள், புறப்பட்டு நீரோட்டத்தோடு நெளிந்து வந்தன, ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. ஒன்று ஹேமரைத் தொட்டதும் அந்தத் தலை முழுவதும் விலுக்கென்று சுருங்கியது. கேலக்ஸியாவின் ஸ்வீப்பர் ஒரு அடி நீளம்கூடப் போகும், அதுவும் நீரோட்டம் போகும் திசையில். கேலக்ஸியாவை நீரோட்டத்தின் கடைசி மூலைக்கு மாற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை. ஹேமர் சில நாளில் பாதி விரிந்தது, உரிந்த விளிம்பு மேற்கொண்டு பரவவில்லை. போன சதை அந்தத் தகடுகள் மேல் திரும்ப வருமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுண்ணக்கூடு கட்டாத மென்மையான லெதர் கோரல் மட்டும் மூடி, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளத்தால் அது தோல் உரிக்கிறது. நோய் இல்லை. நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு ஒரு வாரம் போல் விட்டுவிடுங்கள்.

பொறுமை கூடாத இடம் ஒன்றுண்டு: பிரௌன் ஜெல்லி என்னும் நோய். ஹேமர், டார்ச், ஃபிராக்ஸ்பான் வகைக் கோரல்களில் ஒரு தலையின் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி படிந்து, வெளியே எடுத்தால் குடலைப் புரட்டும் நாற்றம் அடித்தால், அன்றே கை வையுங்கள். முதலில் பம்ப்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஜெல்லி டேங்க் முழுக்கப் பறக்கும். சைஃபன் குழாயால் ஜெல்லியை உறிஞ்சி எடுத்துவிட்டு, கோரலை வெளியே எடுத்து, கெட்ட தலையை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை டேங்க் தண்ணீரில் கலந்த அயோடின் கரைசலில் (டிப்) முக்கி எடுங்கள். திரும்ப வைக்கும் முன் வேறு வாளித் தண்ணீரில் ஒரு தரம் அலசுங்கள். டிப் தண்ணீர் ஒரு சொட்டுகூட டேங்குக்குள் போக வேண்டாம்.