லான்காஸ்டர் லான்காஸ்ட்ரியன் ஆகிறது: மூன்றாம் முயற்சியில் அமைந்த மூக்கு

நேற்றிரவு என் விமான மாதிரியின் மூக்குப் பகுதி விளிம்பு தட்டாமல் உடற்பகுதியோடு பொருந்திவிட்டது. 1946 ஜனவரி 1 அன்று டான் பென்னெட் ஹீத்ரோவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு ஓட்டிச் சென்ற ‘ஸ்டார் லைட்’ என்ற லான்காஸ்ட்ரியன் விமானத்தை, 1/72 அளவு லான்காஸ்டர் மாதிரிக் கிட்டிலிருந்து இரண்டு மாதமாக உருவாக்கி வருகிறேன். லான்காஸ்டர் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்; அதைப் பயணிகளுக்காக மாற்றியமைத்ததே லான்காஸ்ட்ரியன்.

துப்பாக்கிக் கூண்டுகளை நீக்குவது எளிது. அவற்றின் இடத்தில் வரும் கூர்மூக்குதான் கடினம். அசல் விமானம் 21.18 மீட்டரிலிருந்து 23.42 மீட்டராக நீண்டதால், மாதிரியில் மூக்கும் வாலும் சேர்ந்து 31 மி.மீ. கூட வேண்டும். மரத்தில் அச்சு செதுக்கி, இளக்கிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் அழுத்தினேன். தாளின் கனத்தைக் கழிக்காமல் அச்சைச் செதுக்கியிருந்ததால், முதல் மூக்கு உடற்பகுதியைவிடச் சுற்றிலும் 1 மி.மீ. பருத்துவிட்டது. அச்சைச் சிறிதாக்கி எடுத்த இரண்டாவது மூக்கில், நுனி இழுபட்டு மெலிந்திருந்தபடியால் உப்புத்தாள் தேய்த்தபோது ஓட்டை விழுந்தது. மூன்றாம் முறை 1.5 மி.மீ. தாளை எடுத்து, நுனியின் உட்புறத்தை எபாக்சி புட்டியால் நிரப்பி, ஒரு நாள் முழுதும் இறுகவிட்ட பிறகே தேய்த்தேன். மேலே வெள்ளி வண்ணம் வரப்போவதால் மயிரிழைக் கீறலும் தெரிந்துவிடும். ஆகவே 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மூன்று மாலைகள் தேய்த்தேன்.

இத்தனை உழைப்புக்கும் காரணம் பென்னெட்டின் மீதுள்ள மதிப்பு. போருக்கு முன்பே இம்பீரியல் ஏர்வேஸ் விமானியாக இருந்த அவர், 1942 ஏப்ரலில் ஜெர்மானியப் போர்க்கப்பலான டிர்பிட்ஸைத் தாக்கச் சென்றபோது நார்வேயில் ஹாலிஃபாக்ஸ் விமானம் சுடப்பட்டுப் பாராசூட்டில் குதித்து, பனியில் நடந்தே சுவீடனை அடைந்து, பிரிட்டன் திரும்பி, அதே ஆண்டு ஆகஸ்டில் இலக்குகளைக் குறித்துக்காட்டும் பாத்ஃபைண்டர் படைக்குத் தலைவரானார். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸின் தலைமையை ஏற்றவர், குண்டுகளைச் சுமந்த விமானத்தின் வழிவந்த, 13 பயணிகள் மட்டுமே அமரக்கூடிய இந்த விமானத்தை அந்தத் தென் அமெரிக்கப் பயணத்தில் தாமே ஓட்டினார். 1948 ஜனவரியில் அந்நிறுவனத்தின் ‘ஸ்டார் டைகர்’ என்ற டியூடர் ரக விமானம் பெர்முடா அருகே காணாமற்போனதும், டியூடர் விமானங்கள் அனைத்தையும் பறக்கவிடாமல் நிறுத்திவைத்ததை வெளிப்படையாக எதிர்த்துப் பதவியிழந்தார். அந்த எதிர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை; ஆனால் அவருடைய துணிவை மறுக்கவும் முடியவில்லை.

பதிவெழுத்து ஒட்டிகள் எங்கும் கிடைக்காததால், வெற்று ஒட்டித் தாள் வாங்கி நானே அச்சிடப்போகிறேன். 1938-இல் அவர் அட்லாண்டிக்கைக் கடந்த ‘மெர்க்குரி’ கடல்விமானத்துக்கான வரைபடங்களையும் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். வால்கூம்புக்கான அச்சு இன்னும் பாதிதான் செதுக்கியாகியிருக்கிறது. இம்முறை தாளின் கனத்தைக் கழித்தே அளவெடுத்திருக்கிறேன்.